வெற்றிலை வாங்காத வருடம்

தம்பி,

நாங்கள் சுகம், நீங்களும் சுகமாயிருக்க வேண்டும் என்று தொடங்கும் கடிதங்களை எல்லாம் நான் உனக்கு எழுதி முடித்துவிட்டேன். அவற்றில் பாதி பொய். இது அந்த வகைக் கடிதம் இல்லை. வவுனியாவில் காதர் நானாவின் இரும்புக் கடைக்குப் பின்னால், வேப்பமரத்துக்குக் கீழே எங்கள் வான் வண்டியை விட்டிருக்கிறோம். பின்கதவைத் திறந்து, மண்ணெண்ணெய் அடுப்பு வைக்கும் பலகையில் கடதாசியை வைத்து எழுதுகிறேன். அப்பா முன்சீற்றில் இருக்கிறார். வான் ஓடாவிட்டாலும் அவருக்கு இருக்க வேறு இடம் தெரியாது. வெள்ளிக்கிழமை ரயிலில் நாங்கள் இரண்டு பேரும் கொழும்புக்கு வருகிறோம். விருந்துக்கு இல்லை, தம்பி. இருக்க வருகிறோம். நீ எத்தனையோ தரம் வரச் சொல்லி எழுதினாய், நான் ஒவ்வொரு தரமும் ஏதாவது சாட்டுச் சொன்னேன். இப்போது நீ கேட்காமல் நானே வருகிறேன் என்றால், எங்களுக்கு வேறு வழி இல்லை என்று விளங்கிக்கொள். கெஞ்சி எழுதுகிற பழக்கம் எனக்கு இல்லை என்பது உனக்குத் தெரியும். இதில் கெஞ்சுகிறேன். கடைசிவரை வாசி.

மருமகளுக்கும் வாசித்துக் காட்டு. எங்களைப் பற்றி நீ அவவுக்கு என்ன சொல்லி வைத்திருக்கிறாயோ தெரியாது. கலியாண வீட்டில் அவவுடைய தாயார் என்னிடம் "உங்கட வீடு கிளிநொச்சியோ, வவுனியாவோ?" என்று கேட்டபோது, "ரண்டுக்கும் நடுவில" என்று சொல்லித் தப்பினேன். அது பொய் இல்லை. வீடு அந்த நேரம் மாங்குளத்தில் ஒரு புளியமரத்துக்குக் கீழே நின்றது, அதற்கு நான்கு சில்லுகள் இருந்தன, அவ்வளவுதான்.

உலக யுத்தம் முடிந்து வெள்ளைக்காரனின் பட்டாளம் விட்டுப்போன சாமான்களை ஏலம் போட்டபோது அப்பா அந்த வானை எடுத்தார். காயப்பட்டவர்களை ஏற்றிய வண்டியாம். அதில் படுக்க எனக்கு ஆறு மாதம் பயம். எங்கள் சொந்தக்காரர் எல்லாம் யாழ்ப்பாணக் குடாநாட்டை விட்டு வன்னிக்கு வந்து குளத்துக்குக் கீழே காணி எடுத்து, காடு வெட்டி, வயல் செய்யத் தொடங்கிய காலம் அது. அப்பாவுக்கும் அக்கராயனில் காணி கிடைத்திருக்கும். அவர் போய் விண்ணப்பிக்கவே இல்லை. "அவங்களுக்குக் காணி காணும், எனக்கு றோட்டுப் போதும்" என்றார். அந்தப் பேச்சைக் கேட்டு எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. ஆனால் அவர் கணக்கு ஒருவகையில் சரி. குடியேறின சனம் முதலில் குடிசை போட்டது, அடுத்தது கோயில் போட்டது. கோயில் என்றால் திருவிழா, திருவிழா என்றால் வெளிச்சமும் பாட்டும். மின்சாரம் எட்டிப் பார்க்காத ஊர்களுக்கு ஜெனரேட்டரையும் லவுட்ஸ்பீக்கரையும் ரியூப் லைற்றுகளையும் ஏற்றிக்கொண்டு எங்கள் வான் போனது. சாமான்களுக்கு மேலே பலகை, பலகைக்கு மேலே பாய், பாயில் நாங்கள் மூன்று பேர். நீ நடக்கப் பழகியது நிற்கிற வானுக்குள். வான் ஓடும்போது விழுந்து எழும்பியதும் அதற்குள்தான்.

உன்னைப் படிக்கவென்று யாழ்ப்பாணத்தில் உன் பெரியம்மா வீட்டில் விட்டோமே, அங்கே பள்ளிக்கூடத்தில் வீட்டு விலாசம் எழுதச் சொன்னபோது நீ வானின் நம்பரை எழுதினாய். வாத்தியார் சிரித்தாராம், பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்களாம். லீவுக்கு வந்தபோது நீ அதைச் சொல்லவில்லை, பெரியம்மாதான் சொன்னா. அப்பாவுக்கு அதைக் கேட்டு அப்படி ஒரு பெருமை, போகிற வருகிற கோயில் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். நான் மட்டும் உன் முகத்தைப் பார்த்தேன். சொந்தமாக ஒரு விலாசம் வேண்டும் என்று நீ அன்றைக்கே முடிவெடுத்துவிட்டாய் என்று எனக்குத் தெரிந்தது. அதனால்தான் நீ கொழும்பில் வேலை எடுத்து, வெள்ளவத்தையில் வாடகைக்கு இரண்டு அறை பிடித்து, "அம்மா, இதுதான் என்ர விலாசம்" என்று எழுதியபோது நான் அழவில்லை. அப்பாதான் அழுதார், எஞ்சினைப் பார்க்கிற சாட்டில் வானுக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டு.

ஏன் இவ்வளவு காலமும் வரவில்லை என்று கேட்பாய். அதற்குக் காரணம் வெற்றிலை. கோயில்காரர் எங்களை எழுத்தில் பிடிக்கிறதில்லை. திருவிழா முடிந்த மறுநாள், நாங்கள் வயரைச் சுற்றிக்கொண்டு நிற்கும்போது, தட்டில் வெற்றிலையும் பாக்கும் வைத்து நீட்டுவார்கள். அதைக் கைநீட்டி வாங்கிவிட்டால் அடுத்த வருடத் திருவிழாவுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. வாங்கின வெற்றிலையைத் திருப்பிக் கொடுப்பது இறந்த வீட்டில் பாட்டுப் போடுகிற மாதிரி, யாரும் செய்ததில்லை. பங்குனியில் ஒரு கோயில் வெற்றிலை வைக்கும், சித்திரையில் இன்னொன்று, அப்படியே ஆவணி வரை. இந்த வருடத்தை முடிக்க முன்னமே அடுத்த வருடம் எங்களைக் கட்டிவிடும். "இந்த வெற்றிலையோட சரி" என்று நான் எத்தனை வருடம் சொல்லியிருப்பேன். நானும் லேசுப்பட்டவள் இல்லை. தர்மபுரத்தில் புதிதாக வந்த சனம் தங்கள் பிள்ளையாருக்கு முதன்முதல் திருவிழா செய்ய வெற்றிலையோடு வந்தபோது அப்பா நித்திரை. நானே கைநீட்டி வாங்கினேன். கோயில் கட்டத் தலையில் மண் சுமந்துவிட்டு நேரே வந்து நின்றவர்களை எப்படித் திருப்பி அனுப்புவது?

இனிக் கண்ணுக்கு வருகிறேன். அதைப் பற்றி உனக்கு ஒன்றுமே எழுதியதில்லை.

முதலில் போனது இடக்கைப் பக்கம். நேரே பார்த்தால் தூரத்தில் வருகிற பஸ்ஸின் நெற்றிப் பலகையை அவர் வாசிப்பார். ஆனால் இடப்பக்கம் கிட்டே நிற்கிற மாடு தெரியாது. நான் இடக்கைப் பக்கச் சீற்றில் இருக்கிறவள். மாடு, சைக்கிள், மதகு, பள்ளம் என்று சும்மா வாய் ஓயாமல் சொல்லுகிறவள் என்று நீ என்னைப் பரிகசிப்பாயே, அந்த வாய்தான் பிறகு அவருடைய கண் ஆனது. எப்போது தொடங்கியது என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. அவர் கேட்கவில்லை, நான் சொல்லுகிறேன் என்றும் சொல்லவில்லை. "இடக்கைப் பக்கம் வண்டில்." "ம்." "வளைவு வருது, மதகு ஒடுக்கம்." "ம்." இப்படியே வன்னி முழுவதும் சுற்றினோம். பிறகு வலக்கைப் பக்கமும் மங்கியது. அவருக்கு மிஞ்சியது நேரே ஒரு துண்டு, யன்னல் நீக்கலால் பார்க்கிறது போல. இருட்டினால் அதுவும் இல்லை. நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து விட்டேன். அம்மனுக்கு வெள்ளியில் கண் செய்து போடுகிறேன் என்று நேர்ந்தேன், செய்தும் போட்டேன். ரியூப் லைற்றைப் பார்த்துப் பார்த்து வந்த எரிச்சல், வெயில் குறைய மாறும் என்று அவர் சொன்னதை நம்பினேன். நம்ப விரும்பினேன் என்று சொல்லுவதுதான் சரி.

நெடுங்கேணிப் பக்கம் ஒரு மாலையில், நான் பின்னுக்குத் திரும்பிச் சரிந்துபோன அரிசிப் பெட்டியை நிமிர்த்திய அந்த நேரத்துக்குள், வான் ஒரு வண்டில் மாட்டில் இடித்தது. மாடு முழங்காலில் விழுந்து, தலையை ஆட்டிவிட்டு எழும்பியது. வண்டில்காரன் கத்தவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். "அம்மா, ஐயாவை இனி ஓட விடாதேங்கோ" என்று மட்டும் சொன்னான். அது மாடாக இல்லாமல் வேறு யாராவதாக இருந்திருந்தால் என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன். அவருடைய கண் போனதை மறைக்க மற்றவர்களின் உயிரை வைத்து விளையாடியிருக்கிறோம். அதற்குப் பிறகும் ஓடினோம், தம்பி. ஏனென்றால் வாங்கின வெற்றிலை இருந்தது.

இந்த வைகாசியில் முள்ளியவளையில் இருந்தோம். வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு முதல், கடலில் தண்ணீர் எடுத்து வந்து காட்டுப் பிள்ளையார் கோயிலில் விளக்கேற்றுவார்களே, உப்புத் தண்ணீரில் எரிகிற அந்த விளக்கு. உன்னைத் தோளில் வைத்து அப்பா காட்டியிருக்கிறார். சனம் கும்பிட்டுக்கொண்டு போகிறது. அவர் வெளிச்சத்தில் இருந்து உள்ளே வந்தவர், விளக்குக்கு முன்னால் கைகூப்பிக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில்.

"இஞ்சரும், விளக்கு எரியுதோ?" என்று கேட்டார்.

"என்ன கேள்வி இது? எரியாமல் என்ன?"

"இல்லை, சும்மா கேட்டனான்."

அவர் சும்மா கேட்கவில்லை. விளக்கு ஒரு பக்கமாக இருந்தது, அவர் இன்னொரு பக்கத்தைக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். நான் அவருடைய முழங்கையைப் பிடித்து மெதுவாகத் திருப்பினேன். திரும்பினார். வானுக்கு வந்து சோறு போட்டேன், சாப்பிட்டார்.

ஆவணியில் கடைசிக் கோயில், முல்லைத்தீவுக் கடற்கரையில் ஒரு சின்ன அம்மன் கோயில். பங்குனி தொடக்கம் மற்றக் கோயில்களில் வெற்றிலை வந்தபோதெல்லாம், பிறகு சொல்லுகிறோம் என்று நான் சாட்டுச் சொல்லியிருந்தேன். திருவிழா முடிந்த காலை, வயரைச் சுற்றி ஏற்றியாயிற்று. கோயில் பெரியவர் வந்தார், கூட நான்கைந்து பேர். "போன வருசத்தைவிட இந்த வருசம் சத்தம் நல்ல துலக்கம். அடுத்த வருசமும் நீங்கள்தான்" என்று அப்பாவுக்கு முன்னால் நின்று சொன்னார். சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். தட்டை வைத்திருந்தவர் இடக்கைப் பக்கமாக வந்து நீட்டினார். அப்பா சால்வையை இடுப்பில் கட்டி, இரண்டு கையையும் நேரே நீட்டினார். அங்கே ஆள் இல்லை. வெறும் மணலும் கடலும்தான். அவர் சிரித்த முகத்தோடு கையை நீட்டியபடி நிற்கிறார், வெற்றிலைத் தட்டு அவருடைய முழங்கைக்குப் பக்கத்தில் காத்துக்கொண்டு நிற்கிறது. தட்டு வைத்திருந்தவர் அதை அவருடைய கைக்குக் கீழே கொண்டுபோகலாமா என்று என்னைப் பார்த்தார். ஒரு எட்டு நகர்ந்திருந்தால் போதும், ஒருவரும் ஒன்றும் நடக்காத மாதிரி வீட்டுக்குப் போயிருப்பார்கள். நாங்களும் இன்னொரு வருடம் ஓடியிருப்போம்.

நான் போய் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கீழே இறக்கினேன். "ஐயா, குறை நினையாதேங்கோ. வெற்றிலையைக் கொண்டுபோங்கோ. அடுத்த வருசம் நாங்கள் இல்லை" என்றேன்.

பெரியவர் நல்ல மனிதர். "அம்மாள் பார்ப்பா, பிள்ளை" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனார். நான் அப்பாவை எத்தனையோ தரம் ஏசியிருக்கிறேன், அவரும் என்னை ஏசியிருக்கிறார், ஒருநாளும் அவரை நாலு பேருக்கு முன்னால் சிறுமைப்படுத்தியதில்லை. அன்றைக்குச் செய்தேன். வேறு எப்படி அந்த வானை நிற்பாட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

திரும்பும்போதும் அவர்தான் ஓடினார். நான் விட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். நல்ல பகல், ஆளில்லாத றோட்டு, ஊர்ந்துதான் வந்தோம். ஒட்டுசுட்டான் வரை நான் மாத்திரம் சொல்லிக்கொண்டே வந்தேன். இடக்கைப் பக்கம் குளக்கட்டு. இடக்கைப் பக்கம் விறகு ஏற்றின வண்டில். வழக்கமான அந்த "ம்" கூட இல்லை. மாங்குளம் சந்திக்கு வந்ததும் ஓரமாக விட்டு, எஞ்சினை நிற்பாட்டி, சாவியைக் கழற்றி என் மடியில் போட்டார். "போதும். நீர் கத்திக் களைச்சுப்போனீர்" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. பிறகு ஸ்ரேறிங்கைப் பிடித்தபடியே அழுதார். இந்த முறை வானுக்குக் கீழே போகவில்லை.

வவுனியாவுக்குச் சொல்லி அனுப்பினேன். மறுநாள் காதர் நானா பஸ்ஸில் வந்து இறங்கினார். எங்கள் வானுக்கு ஆரம்பத்திலிருந்து ஆணியும் தகரமும் கொடுத்தவர், கூடப் பிறந்தவர்கள் செய்யாததைச் செய்தவர். "அண்ணன், நீங்க இந்தப் பக்கம் இருங்க, நான் மெல்ல ஓட்டுறன்" என்றார். அப்பா என்னுடைய சீற்றில் இருந்தார். நான் பின்னால் ஜெனரேட்டரோடு. அப்போதுதான் நான் ஒன்றைக் கண்டேன், அதைத்தான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

கொஞ்சத் தூரம் போனதும் அப்பா கதைக்கத் தொடங்கினார். "காதர், இனிக் கனகராயன்குளத்துப் பாலம் வரும், இறக்கத்தில கியரைக் குறையும்." பாலம் வந்தது. "இந்த வளைவு தாண்ட வலக்கைப் பக்கம் றோட்டு அரிச்சிருக்கும், நடுவால போம்." அரித்திருந்தது. புளியங்குளம் வருகிறதை வாசத்தில் சொன்னார், அங்கே ஒருவர் சூளை போடுகிறவர். ஓமந்தை வருகிறதைச் சில்லின் சத்தத்தில் சொன்னார். கண் தெரிகிற காதர் நானாவுக்குக் கண் தெரியாத அவர் றோட்டைச் சொல்லிக்கொண்டு வருகிறார். குரல் பழைய குரல். நான் பின்னால் இருந்து வாயைப் பொத்திக்கொண்டு கேட்டுக்கொண்டு வந்தேன். இந்த மண்ணில் அவர் குருடர் இல்லை, தம்பி. மரமும் பள்ளமும் பாலமும் அவருடைய உடம்புக்குள் இருக்கிறது. நான்தான் அவரை இங்கிருந்து கிளப்பி, ஒன்றுமே தெரியாத ஊரில் கொண்டுபோய்க் குருடராக்கப் போகிறேன்.

அப்படியென்றால் ஏன் வருகிறீர்கள் என்று கேள். வவுனியா ஆஸ்பத்திரி டொக்டர் பார்த்தார். "கண்ணுக்குள்ள அழுத்தம் கூடி நரம்பு பழுதாப்போச்சு. போன பார்வை திரும்பாது. மிச்சத்தைக் காப்பாத்த வேணுமெண்டால் கொழும்பில ஒப்பரேசன் செய்யவேணும், பிறகும் அடிக்கடி காட்டவேணும். சுணங்காதேங்கோ" என்றார். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒப்பரேசன் முடிய ஓடலாமோ?" என்றார்.

"எதை ஓட?"

"வானை."

டொக்டர் என்னைப் பார்த்தார். "ஐயா, நீங்கள் தனிய நடந்து வந்தாலே எனக்குச் சந்தோசம்" என்றார். அன்றைக்குத் தொடக்கம் அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை. காலையில் முன்சீற்றில் ஏறுகிறார், பொழுதுபட இறங்குகிறார். நேற்றுக் காதர் நானாவைக் கூப்பிட்டு, வானை றோட்டைப் பார்த்தபடி திருப்பி விடச் சொன்னார். நானாவும் திருப்பி விட்டார். பிறகு அப்பா என்னைக் கேட்டார், "என்னைக் கொண்டுபோய் அங்க என்ன செய்யப்போறீர்?" நான் வாயாடி, உனக்குத் தெரியும். அதற்கு நான் எழும்பிப் போய்க் கடதாசி தேடினேன். வானை விற்றாயிற்றா என்று கேட்டு எழுதாதே. அதைப் பற்றிக் காதர் நானாவும் கதைக்கவில்லை, நாங்களும் கதைக்கவில்லை.

உன் கலியாணத்துக்கு வந்தபோது நடந்ததை நினைத்துப் பார். சுருட்டு வாங்கவென்று பஸ்கள் பாய்கிற காலி வீதிக்குப் போனவர் வரக் காணோம் என்று நீ தேடிப் போனாய். கடைக்கு எதிரே, வீதியைக் கடக்காமல், அந்த ஓரத்திலேயே நின்றாராம். யானை குறுக்கே போகிற றோட்டில் ஓடுகிற மனிதருக்குக் கொழும்புப் பஸ்ஸைக் கண்டு பயம் என்று எல்லாரும் சிரித்தோம். நீயும் சிரித்தாய், நானும் சிரித்தேன், அவரும் சேர்ந்து சிரித்தார். இரண்டு பக்கமும் தெரியாமல்தான் அங்கே நின்றிருக்கிறார்.

எனக்கு உன் ஊர் பயம். அங்கே தமிழரை அடித்த அந்தக் கலவரம் ஒரு பக்கம். மற்றப் பக்கம் இன்னும் மோசம். வன்னியில் நான் அவருடைய கண்ணாக இருந்தேன் என்றால், எனக்கு வன்னி தெரியும். கொழும்பில் எனக்கு என்ன தெரியும்? எந்த ஒழுங்கை எந்தத் தெருவுக்குப் போகிறது, பஸ் எந்தப் பக்கத்தால் வரும், ஒன்றும் தெரியாது. போர்டு எல்லாம் சிங்களம். தமிழ் வாசிப்பேன், இங்கிலீசு எழுத்துக் கூட்டுவேன், அந்த வட்ட எழுத்து எனக்கு ஒன்றும் சொல்லாது. அப்போது அங்கே நானும் குருடிதானே? குருடரைக் குருடி கூட்டிக்கொண்டு திரிகிற ஊருக்கா நான் அவரைக் கொண்டு வருகிறேன்? இதைத்தான் நான் ஒவ்வொரு நாளும் நினைக்கிறேன். கடவுளிடம் கேட்டுக் களைத்துப்போய்த்தான் உன்னிடம் கேட்கிறேன்.

ஆகவே, நாங்கள் வந்ததும் எனக்கு ஒரு உதவி செய். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறதை நீ பார்த்துக்கொள்வாய், அதற்கு நான் சொல்லத் தேவையில்லை. விடியக்காலையில், அப்பா எழும்ப முன்னம், என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போ. வாசலில் எத்தனை படி, வாய்க்கால் எங்கே, எந்த வீட்டில் நாய், கடல் சத்தம் எந்தப் பக்கத்தால் கேட்கும், ரயில் எந்தப் பக்கம், எல்லாவற்றையும் காட்டு. போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துச் சொல்லு. நான் கெதியாகப் பிடித்துக்கொள்வேன். வன்னியையும் நான் இப்படித்தான் படித்தேன். பிறகு நான் அவரைக் கூட்டிக்கொண்டு போவேன். இடக்கைப் பக்கம் இது, வலக்கைப் பக்கம் இது என்று சொல்ல எனக்கு ஒரு ஊர் வேண்டும், தம்பி. அது இல்லாவிட்டால் அவர் அந்த இரண்டு அறைக்குள் இருந்தே செத்துப்போவார். இதை நான் கூட்டிச் சொல்லவில்லை.

மருமகளுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிள்ளை, வீட்டில் கதிரை மேசையை ஒருநாள் ஒரு இடம், அடுத்த நாள் வேறு இடம் என்று மாற்றாதேங்கோ. கண் தெரியாதவர் என்று அவரோடு சத்தம் போட்டுக் கதையாதேங்கோ, காது நன்றாகக் கேட்கும். பாவம் என்று சொல்லித் தேத்தண்ணியைக் கையில் திணியாதேங்கோ. வைத்துவிட்டு, வைத்த இடத்தைச் சொன்னால் போதும், அவர் எடுப்பார். கொஞ்சம் ஊற்றுப்படும். ஊற்றுப்பட்டால் நான் துடைப்பேன். நாங்கள் வீட்டில் இருந்து பழகாத மனிதர். பாயைச் சுருட்டி மூலையில் வைக்காமல் வானுக்குள் போலச் சாமான்களுக்கு மேலே அடுக்கப் பார்ப்போம், சிரியாதேங்கோ. சிரித்தாலும் எங்களுக்குக் கேட்கச் சிரியுங்கோ.

இவ்வளவையும் எழுதும்போது அவர் முன்னால் இருந்து இரண்டு தரம் கேட்டுவிட்டார், "தம்பிக்கு என்ன அவ்வளவு நீளமா எழுதிறீர்?" என்று. "ரயில் வாற நேரம் எழுதிறன்" என்றேன். "நேரம் எழுத இவ்வளவு கடதாசியோ?" என்றார். கொஞ்சம் சிரித்தது போல இருந்தது. முல்லைத்தீவுக்குப் பிறகு இப்போதுதான்.

கடைசியாக ஒன்று. வெள்ளிக்கிழமை நீ கொழும்புக் கோட்டை ஸ்டேசனுக்கு வருவாய். சனமும் இரைச்சலுமாக இருக்கும். நீ எங்களைக் கண்டதும் சின்ன வயதில் போல ஓடி வந்து பக்கத்தால் கட்டிப் பிடிக்கப் பார்ப்பாய். அப்படி வராதே. பெட்டியைப் பிறகு எடுக்கலாம். முதலில் அவருக்கு நேரே வந்து, கிட்ட நில். அந்த ஒரு துண்டு இன்னும் தெரிகிறது. வெள்ளிக்கிழமையும் தெரியும் என்று நினைக்கிறேன். இறங்கினதும் அவர் சால்வையை இடுப்பில் கட்டி, இரண்டு கையையும் முன்னால் நீட்டுவார். அவர் எங்கே நீட்டுகிறாரோ, அந்த இடத்தில் நீ நிற்க வேண்டும்.

அம்மா